ஸ்போர்ட்ஸ் காரின் பளபளப்பைக் காப்பது எப்படி: கழுவுவதிலிருந்து கோட்டிங் வரை முழுமையான வழிகாட்டி

வெயில் நேராக விழும் நேரத்தில் காரை வெளியே நிறுத்துங்கள். பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றி உற்றுப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரிந்தால், அவற்றுக்குப் பெயர் ஸ்வர்ல். உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் நுண்ணிய கீறல்களில், ஒளியைச் சுற்றி அமைந்தவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகப் படுகிறது. கறுப்பு, அடர்நீலக் கார்களில் இது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் ஒளிந்திருக்கும். இந்தக் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் நம் கையால் விழுந்தவை.

காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் டீடெய்லிங் வேலையைக் கற்க வருகிறவர்கள் பாலிஷ் மெஷினில் தொடங்கவே ஆசைப்படுகிறார்கள். என் யோசனை நேர்மாறானது. முதல் சில மாதங்கள் மெஷினைத் தொடாதீர்கள், கழுவக் கற்றுக்கொள்ளுங்கள். கழுவும் கை பக்குவப்படாமல் பாலிஷ் போட்டால், அடுத்த இரண்டு மூன்று கழுவலில் அதே கோடுகள் திரும்ப வந்து உட்காரும். இடையில் கொஞ்சம் பெயின்ட்டும் போயிருக்கும்.

கையிருப்பு எவ்வளவு?

பேனலின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான கார்களில் இவை எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் அளவில்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பளபளப்பு முழுக்க அந்த முடியை விட மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதே அடுக்குதான். ஒவ்வொரு பாலிஷும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செலவழிக்கிறது. போட்டு நிரப்ப முடியாத சேமிப்பு அது.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. மூக்கு தாழ்ந்திருப்பதால் முன்னால் போகும் வண்டி எறியும் கல் எல்லாம் பம்பரிலும் பானெட்டிலும் விழும். பின் சக்கரத்துக்கு முன்னுள்ள அகன்ற பகுதியை உங்கள் காரின் முன் டயரே கல்லால் அடிக்கும். உடல்வாகில் கூர்மையான விளிம்புகள் நிறைய. விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியது. போதாதற்கு எல்லாப் பேனலும் இரும்பாக இருப்பதில்லை. அலுமினியம், கார்பன் ஃபைபர், கண்ணாடி இழை என்று கலந்திருக்கும். 1953இல் வந்த முதல் செவ்ரோலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரே கண்ணாடி இழை உடலோடுதான் வந்தது. இதனால் என்ன வேறுபாடு என்பதை பாலிஷ் பகுதியில் சொல்கிறேன்.

கழுவுதல்

வண்டி நிழலில், சூடு ஆறி நிற்க வேண்டும். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் காத்திருங்கள். எஞ்சின் நடுவிலோ பின்னாலோ உள்ள காரில் பின்மூடியைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். அது ஆற நேரம் பிடிக்கும். சூடான பேனலில் ஷாம்பூ உடனே காய்ந்து கறை படியும்.

சக்கரங்களை முதலில் முடியுங்கள். காரிலேயே அதிக அழுக்கு அங்கேதான். அதைக் கடைசியில் செய்தால் கழுவி முடித்த கதவில் சேறு தெறிக்கும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனி துணி. அந்தத் துணி ஒருபோதும் பெயின்ட் பக்கம் வரக்கூடாது. பிரேக் தூளில் நுண்ணிய இரும்புத் துகள்கள் சூடாகப் பறந்து வீலில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அயர்ன் ரிமூவர் உண்டு. அடித்த சில நிமிடத்தில் இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாகக் கசியும், நாற்றமும் வரும். காய விடாமல் கழுவிவிடுங்கள். கார்பன் செராமிக் பிரேக் உள்ள வண்டியானால் அமிலம் கலந்த கிளீனரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். காரின் கையேட்டில் சொன்னதை மீறாமல், தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் வைத்து முடிப்பதே நல்லது.

அடுத்தது தொடாமல் கழுவும் கட்டம். முழுக் காரையும் தண்ணீர் அடித்து நனைத்து, ஃபோம் கேனன் என்ற நுரை பீய்ச்சும் கருவியால் நுரையைப் போர்த்துங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும், ஆனால் காயக்கூடாது. நுரை மணலைத் தளர்த்திக் கீழே இழுத்துக்கொண்டு வரும். பிறகு பிரஷர் வாஷரால் மேலிருந்து கீழாக அலசுங்கள். முனை பெயின்ட்டிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளியிருக்கட்டும். கல் பட்டுப் பெயர்ந்த இடத்திலும், பெயின்ட் மேல் ஒட்டிய பாதுகாப்பு ஃபிலிம் முடியும் ஓரத்திலும் நேராக அடித்தால் உரிந்து வரும். முன்பக்கக் காற்றுத் துளைகளுக்குள்ளும் அழுத்தமாக அடிக்கக் கூடாது. உள்ளே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். அங்கே சிக்கிய இலை தழைகளைக் கையால் எடுங்கள்.

இந்தக் கட்டத்தில் எவ்வளவு மணல் போகிறதோ, அடுத்த கட்டத்தில் அவ்வளவு கீறல் குறையும். நேரமில்லை என்றால் மற்ற எதையாவது விடுங்கள், இதை விடாதீர்கள்.

இப்போது கை வைக்கலாம். இரண்டு வாளி எடுங்கள்: ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் கிரிட் கார்டு என்ற சல்லடைத் தட்டு போட்டால், கீழே படிந்த மணல் மறுபடி மேலே வராது. ஸ்பாஞ்சுக்குப் பதில் மைக்ரோஃபைபர் கையுறை. ஒரு பேனல் கழுவியதும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, தட்டில் தேய்த்து, அப்புறம்தான் ஷாம்பூ வாளிக்குள் விட வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேற்பாதி என்று மேலிருந்து இறங்குங்கள். கதவின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசி. கையுறையின் எடையே போதும், அழுத்த வேண்டாம். நேர்கோட்டில் இழுங்கள். வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் எல்லோர் கையிலும் ஊறியிருக்கிறது. கவனமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதற்கு வேலை முடிந்தது. மாற்றுக் கையுறை ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஷாம்பூ நடுநிலையான பி.ஹெச். கொண்டதாக, அதாவது அமிலமும் காரமும் அல்லாததாக இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. காரில் உள்ள வேக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

தூக்கி இறங்கும் ஸ்பாய்லர் உள்ள காரில் அதை உயர்த்தி வைத்து அடியில் கழுவ மறக்காதீர்கள். மாதக்கணக்கான தூசி அங்கே குடியிருக்கும்.

துடைப்பதிலும் கீறல் விழும். முதலில் பிளோயர் வைத்து கண்ணாடி மடிப்பு, பேட்ஜ், விளக்கு ஓரம், காற்றுத் துளை ஆகியவற்றிலிருந்து தண்ணீரை ஊதித் தள்ளுங்கள். மிச்சத்துக்குப் பெரிய, அடர்த்தியான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு, இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல இழுத்தால் போதும். உப்புத் தண்ணீர் என்றால் தானாகக் காய விடவே கூடாது. தண்ணீர் ஆவியாகும், கால்சியம் உப்பு வளையமாக நின்றுவிடும். முடிந்ததும் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வைத்த பிறகு நிறுத்துங்கள்.

டவல்களைத் தனியாகத் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் இழைகளை அடைத்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். அதிகச் சூடு இழைகளை உருக்கிக் கரடாக்கும்.

ஒட்டியதை எடுப்பது

கழுவிய காரில் கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பானெட்டில் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பை வழியாக நன்றாகத் தெரியும். தார், இரும்புத் துகள், மரப்பிசின் எல்லாம் அதில் அடக்கம். முதலில் தாருக்கான கரைப்பான், பிறகு அயர்ன் ரிமூவர். ரேஸ் தடத்தில் ஓட்டிய வண்டி என்றால் பின் வளைவுகளில் உருகிய ரப்பர்த் துணுக்குகள் அப்பியிருக்கும். அவற்றுக்கும் தார் கரைப்பானே உதவும், நகத்தால் சுரண்டாதீர்கள்.

ரசாயனம் எடுத்தது போக மிச்சத்துக்குத்தான் கிளே என்ற களிமண் போன்ற பிசைபொருள். கைக்குள் அடங்கும் ஒரு துண்டைத் தட்டையாக்கி, வழுக்கலுக்கான லூப்ரிகன்ட் திரவத்தைத் தாராளமாக அடித்து, முன்னும் பின்னுமாக நழுவ விடுங்கள். சத்தமும் இழுப்பும் குறைந்ததும் நிறுத்துங்கள். அழுக்கு தெரிந்தால் மடித்துப் புதுப்பக்கம் எடுங்கள். கீழே விழுந்த கிளேயைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. கிளேயும் லேசான கோடுகள் போடும் என்பதால், பாலிஷ் செய்யப் போகும் சமயத்தில் மட்டும் இதைச் செய்வது என் வழக்கம்.

பாலிஷ்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே அது சொல்லுக்குச் சொல் பொருந்தும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இல்லாமல் மெஷினை வைக்காதீர்கள். சாதாரணக் காந்தக் கருவி இரும்பில் மட்டும்தான் அளக்கும். அலுமினியத்துக்கு எடி கரன்ட் முறையில் அளக்கும் கருவி வேண்டும். கார்பன், கண்ணாடி இழைக்கு அல்ட்ராசானிக் வகை. ஒவ்வொரு பேனலிலும் நான்கைந்து இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். ஓரிடம் மட்டும் 250, 300 மைக்ரான் காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம். ஓரிடம் மற்றவற்றை விட மிகக் குறைவாகக் காட்டினால், யாரோ முன்பே அந்தக் கையிருப்பைச் செலவழித்துவிட்டார்கள் என்று பொருள். அங்கே கோடுகளோடு வாழப் பழகுங்கள். மொத்தத் தடிமனைத்தான் பெரும்பாலான கருவிகள் சொல்லும், கிளியர் கோட்டை மட்டும் பிரித்துச் சொல்லாது. ஆகவே எண்ணைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள்.

பழைய கார்களில் கிளியர் கோட்டே இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் இருக்கலாம். மறைவான ஒரு மூலையில் பாலிஷ் வைத்துத் துணியால் தேய்த்தால், காரின் நிறம் துணியில் ஏறும். அப்படி இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும்.

மெஷின் வகையில் டூயல் ஆக்ஷனே தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. இது சுழன்றுகொண்டே ஊசலாடுவதால் சூடு ஓரிடத்தில் சேராது. ஊசலாடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி வேகமாக வெட்டும். தவறினால் கிளியர் கோட்டையும் அதே வேகத்தில் தாண்டிப் போகும். நான் கற்றுக்கொண்ட நாளில் பழைய கதவு ஒன்றின் விளிம்பில் ரோட்டரியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். சில நொடிகளில் அடியில் பிரைமர் தெரிந்தது. அது கழித்துப் போட்ட கதவு என்பதால் பிழைத்தேன். நீங்களும் அப்படி ஒரு பழைய பேனலை வாங்கி அதில் கை பழகிய பிறகு காருக்கு வாருங்கள்.

இனி செய்முறை. விளிம்பு, மடிப்பு, ரப்பர், பேட்ஜ், காற்றுத் துளை எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பானெட்டின் ஒரு பக்கத்தில் 50 செ.மீ. சதுரத்தைச் சோதனை இடமாகத் தேர்ந்தெடுங்கள். இருப்பதிலேயே மென்மையான ஃபோம் பேட், நைசான பாலிஷ் என்று தொடங்குங்கள். பலன் போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏறுங்கள். கடுமையானதில் தொடங்கி இறங்குவதுதான் எளிது என்று சிலர் சொல்வார்கள். அந்த எளிமைக்கு விலை மைக்ரானில் போகும்.

பேடில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. மெஷினை அணைத்த நிலையில் பேனலில் ஒற்றிப் பரப்பி, பிறகு குறைந்த வேகத்தில் ஒரு சுற்று. மெஷினின் வேக எண்ணை 4 அல்லது 5க்குக் கூட்டி, நொடிக்கு 2, 3 செ.மீ. என்று நிதானமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடட்டும். மேலும் கீழும் ஒரு முறை, இடமும் வலமும் ஒரு முறை. இப்படி நான்கைந்து சுற்று. பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுழல்வது கண்ணுக்குத் தெரிந்தால் மெஷின் வேலை செய்கிறது. சுழலாமல் வெறுமனே நடுங்கினால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் காரின் வளைவுகளுக்கு 75 மி.மீ. அளவுள்ள சிறு பேட் அவசியம். பெரிய பேட் குழிவில் படியாது, முகட்டில் மட்டும் அழுத்தும். கதவு ஓரம், பானெட் முகடு போன்ற இடங்களில் மெஷினைத் தூக்கிவிட்டுக் கையால் முடியுங்கள். பிளாஸ்டிக் பம்பரும் கார்பன் பேனலும் இரும்பைப் போலச் சூட்டைப் பரப்பிக் கடத்தாது. அதே இடத்தில் சூடு நிற்கும். அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் அப்போதே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஒரு சதுரம் முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த துடைப்பானால் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பாலிஷில் உள்ள எண்ணெய் கோடுகளை நிரப்பி, போய்விட்டது போலக் காட்டும். விளக்கைப் பல கோணத்தில் சாய்த்துப் பாருங்கள். நகம் இடறும் அளவுக்கு ஆழமான கீறலைத் துரத்தாதீர்கள். அதன் கூர்மையை மழுக்கினாலே எட்ட நின்று பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. பேடை ஒவ்வொரு சதுரத்துக்கும் பிரஷால் சுத்தம் செய்து, முழுக் காருக்கு நான்கைந்து பேட் மாற்றுங்கள்.

மேட் என்ற பளபளப்பில்லாத பெயின்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி முழுவதுமே பொருந்தாது. பாலிஷ், கிளே, பளபளப்பு தரும் வேக்ஸ் எதையும் தொடக்கூடாது. தேய்த்த இடம் பளபளவென்று திட்டாகும். அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை, பேனலையே பெயின்ட் அடிக்க வேண்டும்.

மேலே ஒரு காப்பு

கார்னூபா வேக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் இலையிலிருந்து வருகிறது. பூசுவதற்கு இதமானது, சிவப்பு, கறுப்பு நிறங்களுக்கு ஆழம் தரும். வாரக்கணக்கில்தான் நிற்கும். சீலன்ட் என்ற செயற்கைக் காப்புப் பூச்சு சில மாதம் வரும். செராமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையிலானது, பெயின்ட்டோடு பிணைந்து ஆண்டுக்கணக்கில் நிற்கும். டப்பாவில் 9ஹெச் என்று போட்டிருப்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவுகோல். கல் அடித்தால் கோட்டிங்கும் பெயரும். அது தருவது அழுக்கு ஒட்டாத வழுவழுப்பு. அழுக்கு ஒட்டாவிட்டால் தேய்க்கும் தேவை குறையும், அதற்காகவே அதைப் போடலாம்.

கோட்டிங்கைத் தூசியில்லாத, காற்றோட்டமுள்ள மூடிய இடத்தில், கையுறையும் முகமூடியும் அணிந்து பூசுங்கள். சிறு பகுதியாகக் குறுக்கும் நெடுக்கும் தடவினால், சற்று நேரத்தில் வானவில் போல மினுமினுக்கும். அப்போது ஒரு டவலால் சமன் செய்து, மற்றொன்றால் துடைத்துவிட வேண்டும். விட்டுப்போன திட்டு இறுகிவிட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம்.

கல்லுக்கு மருந்து பாதுகாப்பு ஃபிலிம் மட்டுமே. வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்க வந்த யோசனையின் வழித்தோன்றல் இது. இன்றைய ஃபிலிம்கள் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன், 150 முதல் 200 மைக்ரான் தடிமன். அதாவது கிளியர் கோட்டை விடப் பல மடங்கு. லேசான கீறல்கள் வெயில் சூட்டில் தாமாக மூடிக்கொள்ளும். முழுக் காருக்கு முடியாவிட்டால் முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகள், பின் சக்கரத்துக்கு முன்பகுதி ஆகியவற்றுக்காவது ஒட்டுங்கள். இதை அனுபவமுள்ளவர்களிடம் விடுவதே சரி. விளிம்பைக் காரின் மேல் வைத்து பிளேடால் வெட்டும் கை தவறினால் பெயின்ட்டில் கோடு நிரந்தரம். வரிசை இதுதான்: பாலிஷ், ஃபிலிம், அதன் மேல் கோட்டிங்.

எக்ஸாஸ்ட் முனையைப் பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியம் முனையில் சூட்டால் வரும் நீலமும் ஊதாவும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறம். உலோகப் பாலிஷ் போட்டால் அந்த அழகு போய்விடும். எஃகு முனைக்கு மட்டும் பாலிஷ்.

உள்ளே

ஸ்டியரிங்கும் சீட்டும் அல்கான்டாராவாக இருந்தால், அது தோல் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய செயற்கைத் துணி அது. பாலியெஸ்டரும் பாலியூரிதேனும் சேர்ந்தது. கை எண்ணெய் பட்டு இழைகள் படுத்துப் பளபளக்கும்போது, மென்மையான பிரஷால் தூசி தட்டி, நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். காய்ந்ததும் பிரஷால் இழைகளை எழுப்புங்கள். தோல் கண்டிஷனர் அங்கே போனால் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

தோல் சீட்டில் முதலில் தேய்வது பக்கவாட்டு மேடு. தாழ்ந்த காரில் ஏறி இறங்கும்போது உடல் அதன் மேல்தான் உரசுகிறது. நல்ல தோல் புதிதில் மினுக்கமில்லாமல் இருக்கும். மின்னினால் அது அழுக்கு. கிளீனரைப் பிரஷில் எடுத்து மெல்லத் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கைக் காய்ந்த துணியால் துடைத்தாலே கோடு விழும். திரவத்தைத் துணியில் அடித்து, லேசாக.

கண்ணாடி கடைசி வேலை. உள்பக்கம் மேலும் கீழுமாக, வெளிப்பக்கம் இடவலமாகத் துடையுங்கள். கோடு தெரிந்தால் எந்தப் பக்கம் என்று உடனே புரியும்.

நாள்தோறும்

பறவை எச்சத்தைப் பார்த்த உடனே எடுங்கள். வெயில் சூட்டில் கிளியர் கோட் இளகி, எச்சத்தின் அமிலம் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். காய்ந்திருந்தால் ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊற வைத்துத் தூக்குங்கள், தேய்க்காதீர்கள். தூசி தட்டும் குச்சிப் பிரஷ்ஷை நான் பயன்படுத்துவதே இல்லை. காய்ந்த மணலைப் பெயின்ட் மேல் இழுப்பதைத் தவிர அது வேறு எதுவும் செய்யாது. கவர் போடுவதானால் கழுவி உலர்ந்த காருக்கு மட்டும், அதுவும் காற்று வீசாத இடத்தில். தூசியோடு போர்த்திய கவர் காற்றில் அசைய அசைய உப்புத்தாள் வேலை செய்யும்.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் பாலிஷ், எந்தப் பேட், முன்னும் பின்னும் ஒவ்வொரு பேனலின் மைக்ரான் எவ்வளவு என்று எழுதுங்கள். அடுத்த முறை மெஷினுக்குக் கை போகும்போது, முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். பாதி நேரம் மெஷினை உள்ளே வைத்துவிட்டு, வாளியை எடுப்பீர்கள்.